ஏற்காடு போனால் சரியாகுமா?

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாமியாருக்குச் சர்க்கரை, இரண்டு வேளையும் இன்சுலின் நான்தான் போடுகிறேன். பையன் பத்தாவது, பெண் ஆறாவது. டியூஷன் ஃபீஸ், கேஸ் புக்கிங், கரண்ட் பில் எல்லாம் நான்தான். போன வாரம் கடையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் உள்ளே போக முடியவில்லை. அழுகையும் வரவில்லை. குக்கர் விசில் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. வீடியோ பார்த்து மூச்சுப்பயிற்சி செய்தேன். நாலே நாளில் அதுவும் செய்யாமல் விட்டுப்போன வேலைகளில் ஒன்றாகிவிட்டது. இரண்டு நாள் குடும்பத்தோடு ஏற்காடு போய்வந்தால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். அதற்கும் துணிமணி எடுத்துவைப்பது நான்தான். சரியாகுமா ஐயா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

சரியாகாது. போய்விட்டு வாருங்கள், அது வேறு விஷயம்.

அப்பா படுக்கையில் இருந்த வருடம் நானும் அப்படிப் போனேன். அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, வீட்டில் அப்பா. தம்பியை வரவழைத்து அவரிடம் விட்டுவிட்டு மலையேறினேன். முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். மறுநாள் ஏரிக்கரையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, அப்பாவின் மாத்திரை இன்றோடு தீருமே என்று மனசு ஆரம்பித்துவிட்டது. அடிவாரத்தில் வண்டி நின்றபோது பழைய ஆள்தான் இறங்கினேன். குளிர்காற்றும் காப்பித் தோட்டமும்தான் எனக்கு நல்லது செய்தன என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் என் வேலையைத் தம்பி பார்த்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

சின்னக் கடிதத்தில் மூன்று இடத்தில் 'நான்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி இருப்பவரிடம் மனதை அமைதியாக வைத்துக்கொள் என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, தியானம் பண்ணப்பா என்று எந்த முதலாளியும் சொல்லமாட்டார்.

2018இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்தது, சின்ன ஆய்வுதான். தூங்கப்போகும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் அன்றுவரை செய்து முடித்ததை எழுதினார்கள். மற்றவர்கள் இனிச் செய்யவேண்டியதை எழுதினார்கள். முடித்ததை எழுதியவர்கள்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று நான் பந்தயமே கட்டியிருப்பேன். நடந்தது நேரெதிர். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். காகிதத்தில் இறங்கிவிட்டதை மனசு மறுபடி மறுபடி தூக்கிக் காட்டுவதில்லை போலிருக்கிறது.

நீங்களும் எழுதுங்கள். ஆனால் தூக்கத்துக்காக மட்டும் அல்ல. ஒரு வாரம், கண்ணில் படும் சில்லறை வேலையெல்லாம் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை கணவரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர் போடுங்கள். இன்சுலினுக்கு அவர் பெயர். அவருடைய அம்மாதானே! இன்சுலின் பேனாவில் அளவு வைப்பது, ஊசியை அழுத்திவிட்டுப் பத்து எண்ணும்வரை எடுக்காமல் இருப்பது, தினமும் இடம் மாற்றிப் போடுவது, இவ்வளவையும் மருத்துவமனை நர்ஸ் கால் மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊசி போடுவதை மட்டும் கொடுத்துவிட்டு, மருந்து தீருவதை நீங்கள் ஞாபகம் வைத்திருந்தால் பாரம் குறையவே குறையாது. "நீ சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்ற வசனம் நம் வீடுகளில் எல்லாருக்கும் பழக்கம். சொல்லவேண்டியிருக்கிறதே, அதுதான் வேலை. ஞாபகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் பத்து நாள் அவர் செய்வது உங்களுக்குப் பிடிக்காது. நடுவில் போய் வாங்கிச் செய்யாதீர்கள். இன்சுலின் அளவை மட்டும் பழகும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பையன் பத்தாவது என்பதற்காக அவனை விட்டுவிட வேண்டாம். கேஸ் புக் பண்ணத் தெரியாதவனா அவன்?

மூச்சுப்பயிற்சியைக் கடனாக்கிக்கொள்ள வேண்டாம். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால் போதும், இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அங்கேயே நாலு தடவை.

இன்னொன்று. படபடப்பை மனசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரத்தசோகையிலும் தைராய்டு கூடும்போதும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வாசல்படியிலேயே உட்காரும் நாட்கள் தொடர்ந்தால், பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகத் தயங்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், ஏற்காடு. கணவர் ஆசைப்படுகிறார், கெடுப்பானேன். இன்சுலின் கை பழகியபின், அம்மாவையும் பிள்ளைகளையும் அவரே கூட்டிக்கொண்டு போய்வரட்டும். நீங்கள் வீட்டில் இருங்கள். சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் வாங்கி, ஆறஅமரச் சாப்பிடுங்கள். மாமியாருக்கு வளைவில் குமட்டும் என்றால் எலுமிச்சம்பழம் எடுத்துப்போக வேண்டும், இன்சுலினை வெயில் படாமல் வைக்கவேண்டும், ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடவேண்டும். அவர் தேடட்டும். பையை மட்டும் நீங்கள் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.