வாசகர் கேள்வி: வில்னியஸைச் சுற்றி ஒரு மாவட்டம்

கேள்வி: என் மகன் லிதுவேனியாவில் படிக்கிறான். வாடகை குறைவென்று ஊருக்கு வெளியே வீடு மாறியிருக்கிறான். “இது வில்னியஸ் இல்லம்மா, வில்னியஸ் மாவட்டம்” என்கிறான். இரண்டும் ஒன்றுதானே? (சேலம் வாசகி)

பதில்: ஒன்றில்லை அம்மா. லிதுவேனியாவில் மொத்தம் 60 நகராட்சிகள். தலைநகர் வில்னியஸ் அதில் ஒன்று, வில்னியஸ் மாவட்டம் இன்னொன்று. மேயர் வேறு, மன்றம் வேறு. மேற்கே டிராக்காய் பக்கம் கொஞ்சம் விட்டுவிட்டு, மற்ற திசையெல்லாம் தலைநகரை வளைத்துக்கொண்டு கிழக்கே பெலாரஸ் எல்லை வரை போகிறது. பரப்பு சுமார் 2,130 சதுர கிலோமீட்டர், தலைநகரைப் போல ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டித்தான்.

அதன் தலைமை அலுவலகம் மட்டும் மாவட்டத்துக்குள் இல்லை. தலைநகரில், ரின்க்டினேஸ் தெருவில் இருக்கிறது. நான் அங்கே வேலை பார்த்தபோது எனக்கு வீடு கொடுத்திருந்த அம்மாள் நெமென்ச்சினேக்காரர். மாவட்டத்தில் பெரிய ஊர் அதுதான், நேரிஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. தன் மாவட்ட அலுவலகத்தில் ஒரு வேலை என்றால் அவர் பஸ் பிடித்து அடுத்த நகராட்சிக்குள் போக வேண்டும். “எங்கள் மாவட்டத்துக்கு மேப்பில் நடுவே ஓர் ஓட்டை” என்பார்.

கேள்வி: அந்த மாவட்டத்தில் போலந்துக்காரர்கள்தான் அதிகமாமே? எப்போது வந்து குடியேறினார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: குடியேறியவர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் நோகும். பல தலைமுறையாக அந்த மண்ணிலேயே உழுது வாழ்கிற, போலிஷ் பேசுகிற லிதுவேனியக் குடிமக்கள் அவர்கள். 1920-ல் போலந்துப் படை பிடித்த வில்னியஸ் வட்டாரம் 1939 வரை போலந்தின் கையில் இருந்தது. அந்தப் பழைய காயத்தால்தான் மொழி விஷயம் இன்றும் சூடாக இருக்கிறது. வீட்டுச் சுவரில் தெருப்பெயரைப் போலிஷிலும் எழுதி மாட்டினார்கள். அரசு மொழி லிதுவேனியன் மட்டுமே என்று நீதிமன்றம் கழற்றச் சொன்னது. பாஸ்போர்ட்டில், லிதுவேனிய எழுத்துவரிசையில் இல்லாத ‘டபிள்யூ’ எழுத்தோடு தன் பெயரை எழுதிக்கொள்ளும் உரிமை 2022-ல்தான் சட்டமானது. ஒரு தெருவுக்கு இரண்டு மொழியில் பெயர் எழுதினால் எந்த நாடும் சிறுத்துவிடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது கணக்கே மாறிவருகிறது. 2011 கணக்கெடுப்பில் அங்கே போலிஷ் மக்கள் 52 சதவீதம், 2021-ல் 47. நகரத்துக் குடும்பங்கள் அவிஷியேனை, ரியேஷே பக்கம் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொண்டு வருவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நீண்ட காலம் போலிஷ் கட்சியிடம் இருந்த மேயர் பதவி 2023-ல் சமூக ஜனநாயகக் கட்சிக்குப் போனது. போலிஷ் வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அவை நிலைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

கேள்வி: அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (மதுரை வாசகர்)

பதில்: ஐரோப்பாவின் நடுப்புள்ளி என்று 1989-ல் பிரெஞ்சு தேசியப் புவியியல் நிறுவனம் கணக்கிட்ட இடம் புர்னுஷ்கேஸ் கிராமத்தருகே இருக்கிறது. போனால் படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நான் போய்ப் பார்க்கச் சொல்வது செகோனிஷ்கேஸ் கிராமத்தை.

குருத்தோலை ஞாயிறுக்கு அங்கே தென்னை ஏது, பனை ஏது? அதனால் ‘வெர்பா’ கட்டுகிறார்கள். கோடையில் வயலிலும் தோட்டத்திலும் பூவும் புல்லும் பறித்து நிழலில் காயவைத்து, சிலதுக்குச் சாயம் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். பனிக்காலம் முழுக்கக் கட்டு வேலை. ஒரு மெல்லிய குச்சி, ஒரு நூல்கண்டு, அவ்வளவே கருவி. இடது கை குச்சியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், வலது கை நான்கைந்து பூவாக வைத்து நூலை இறுக்கும். ஒரு வரிசை மஞ்சள், அடுத்தது சிவப்பு, நடுவில் புல்லின் பச்சை. முடிந்தால் உருண்டு திரண்ட ஒரு பூந்தண்டு. எனக்குக் காட்டிய பாட்டி பேசிக்கொண்டே கட்டினார், நூல் ஓரிடத்திலும் தளரவில்லை. மார்ச் மாதம் தலைநகரில் நடக்கும் கஸியுகாஸ் சந்தையில் எல்லோர் கையிலும் இதுதான். ‘வில்னியஸ் வெர்பா’ என்ற பெயர் தலைநகருடையது. கட்டுகிற கைகள் இந்தக் கிராமங்களுடையவை. செகோனிஷ்கேஸில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அப்புறம் மெதினின்காய். 14-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, பக்கத்திலேயே நாட்டின் உயரமான குன்று அவ்க்ஷ்டோயாஸ் (294 மீட்டர்தான்!). ஆனால் முதலில் மின்ஸ்க் சாலையிலுள்ள நினைவிடத்துக்குப் போங்கள். 1991 ஜூலை 31 விடியற்காலை, சோவியத் சிறப்புப் படையினர் அங்கிருந்த எல்லைச் சாவடிக்குள் புகுந்து எட்டுப் பேரைச் சுட்டார்கள். ஒருவர் மட்டும் பிழைத்தார். அந்தச் சின்னச் சாவடி வண்டியை அப்படியே வைத்திருக்கிறார்கள். சேலத்து அம்மா, மகனைப் பார்க்கப் போகும்போது நீங்களும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.