‘வால்யூம் ஏறவே மாட்டேங்குது’: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஹெட்ஃபோனில் சத்தம் போதவில்லை. வழக்கமான வேண்டுகோளை மறுபடியும் வைக்கிறேன். எந்தக் கைப்பேசி, எந்த ஹெட்ஃபோன், வயரா புளூடூத்தா, எந்தச் செயலியில் கேட்கிறீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். ஜோசியம் எனக்குத் தெரியாது.

என் ஃபோனில் சத்தம் கம்மி. எப்படிக் கூட்டுவது? அவசரம். (செங்காங்)

பார்த்தீர்களா? மருத்துவரிடம் போய் ‘வலிக்குது, மருந்து குடுங்க’ என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே கை வைப்பார்? அவசரம் என்கிறீர்கள், அதனால் எல்லாருக்கும் பொருந்தும் பதிலைத் தருகிறேன். இயர்பட் வலையைத் துடையுங்கள். காய்ந்த, மெல்லிய பல்துலக்கி போதும். வலை தரையைப் பார்த்திருக்க, மெதுவாகத் தட்டித் தேய்த்தால் தூள் கீழே விழும். ஊசி, பல்குத்தி, தண்ணீர் மூன்றும் கூடாது. ‘பழுதாகிவிட்டது’ என்று என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பங்கு காதுக் குரும்பி அடைத்தவைதான்.

சாம்சங் கைப்பேசி. வயர் இயர்ஃபோனில் வால்யூம் பாதிக்கு மேல் நகரவே இல்லை. மகனைக் கேட்டால் ‘ஃபோன் பழசு’ என்கிறான். (ஆங் மோ கியோ)

செட்டிங்ஸ், சவுண்ட்ஸ் அண்ட் வைப்ரேஷன், வால்யூம். மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் மீடியா வால்யூம் லிமிட். அதை அணையுங்கள். அணைக்கும்போது பின் எண் கேட்டால், அதை வைத்தது யார் என்று மகனிடமே விசாரியுங்கள்.

ஐஃபோனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் தானாக இறங்குகிறது. ஃபோன் கெட்டுவிட்டதா? (பொங்கோல்)

கெடவில்லை, உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறது. செட்டிங்ஸில் சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ், அதனுள் ஹெட்ஃபோன் சேஃப்டி. ‘ரெட்யூஸ் லவுட் ஆடியோ’ (பழைய பதிப்பில் ‘ரெட்யூஸ் லவுட் சவுண்ட்ஸ்’) என்ற கோடு 75 டெசிபலில் தொடங்கி 100 வரை போகும். டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. உங்களுடையது 75க்குப் பக்கத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன். 85க்கு நகர்த்துங்கள். முழுக்க அணைத்துவிடலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், நான் சொல்ல மாட்டேன். அதே பக்கத்தில் வாரக் கணக்கும் இருக்கிறது. ஏழு நாளுக்கான அளவைத் தாண்டினால் ஓர் அறிவிப்பு காட்டிவிட்டு வால்யூமை இறக்கிவிடும். அந்த அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவர்கள்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

பாடகர் குரல் மட்டும் காணோம். பின்னணி இசை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. (தெம்பனிஸ்)

பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. கைப்பேசி உறையைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள், பாடகர் திரும்பி வந்துவிடுவார்.

தினமும் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு எம்ஆர்டி ரயில். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம். பிஷானைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியதும் முழு வால்யூமிலும் பேச்சு புரிவதில்லை. இதற்கு மேல் ஏற்ற ஏதாவது வழி உண்டா? (ஈசூன்)

உண்டா இல்லையா என்பதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். இரவு வீட்டில் அதே இயர்ஃபோனில் அதே பேச்சை எத்தனை கோட்டில் வைத்துக் கேட்கிறீர்கள்? பாதியில்தானே? அப்படியானால் கைப்பேசியில் சத்தம் குறைவே இல்லை. யார் அதிகம் கத்துவது என்று சுரங்கத்தோடு போட்டி போடப் பார்க்கிறீர்கள். இந்தப் போட்டியில் ரயில் தோற்று நான் பார்த்ததில்லை.

முதலில் இயர்ஃபோன் வந்த பெட்டியைத் தேடி எடுங்கள். உள்ளே ஒரு சின்னப் பையில் சிறியதும் பெரியதுமாக ரப்பர் முனைகள் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அந்தப் பையை யாரும் பிரிப்பதில்லை! நடு அளவில் மாட்டிவந்ததையே ஆயுள் முழுக்கப் போட்டுக்கொள்கிறார்கள். எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று சட்டம் இல்லை. சரியானது அமைந்தால் உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் உங்களுக்குக் கேட்கும். நுரைப்பஞ்சு முனை இன்னும் நன்றாக அடைக்கும். நன்கு அடைத்தால் வெளிச்சத்தம் 20 டெசிபல் அளவுக்குக் குறையும். அதே முழு வால்யூமில் வைத்தால் நீங்களே அலறிக் குறைப்பீர்கள். இரைச்சல் நீக்கும் வசதி உள்ள இயர்பட் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. ரயிலின் அடித்தொண்டை உறுமலை அது நன்றாக விழுங்கும். வளைவில் தண்டவாளம் கிறீச்சிடுவதை அவ்வளவாக விழுங்காது, அதற்கு ரப்பர் முனைதான் காவல். காதுக்கு வெளியே தொங்குகிற, இப்போது எல்லாரும் மாட்டிக்கொண்டு திரிகிற வகை இருக்கிறதே, அது வெளிச்சத்தம் உள்ளே வரவேண்டும் என்பதற்காகவே செய்தது. பூங்காவில் ஓடப் போட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் அதைப் போட்டுக்கொண்டு சத்தம் போதவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

இனி கணக்கு. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5. உங்கள் பயணம் போக வர ஒன்றரை மணி, ஐந்து நாளுக்கு ஏழரை மணி. 86ல் கேட்டால் தப்பித்தீர்கள், 89 என்றால் வியாழக்கிழமை காலைக்குள் வாரக் கணக்கு தீர்ந்துவிடும். சுரங்கத்துக்குள் முழு வால்யூம் என்பது 89ல் நிற்கிற விஷயம் இல்லை. சிங்கப்பூரில் வேலையிடத்துக்கே எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. அதைத் தாண்டினால் முதலாளி பதில் சொல்ல வேண்டும். ரயிலில் உங்கள் காதுக்கு நீங்கள்தான் முதலாளி.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. இருபது வருடம் மேடைகளில் ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் நின்றவன் நான். காதில் அடைப்பான் போடச் சொன்னால் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன். இன்று என் வலது காதின் பரிசோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் என்ற மேல் சுருதிப் பக்கத்தில் ஒரு பள்ளம். சத்தத்தால் கெட்ட காது பெரும்பாலும் அங்கேதான் முதலில் சரியும். பேத்தி பேசுவது கேட்கிறது. என்ன சொன்னாள் என்பதைத்தான் அவள் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உள்காதில் ஒலியை உணரும், மயிர் போன்ற இழை கொண்ட செல்கள் சுமார் 15,000. போனது மறுபடி முளைக்காது. ‘எனக்கு 25 வயசுதானே அங்கிள்’ என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த வயதில்தான் தொடங்கினேன்.

ஒன்று மறந்துவிட்டேன்: இரைச்சல் நீக்கியைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடக்காதீர்கள். நிலையத்தை விட்டு வெளியேறும் கதவிலேயே ஒரு காதைக் கழற்றிவிடுங்கள்.

வால்யூமை 300 விழுக்காடு ஏற்றும் செயலி ஒன்றை நண்பர் அனுப்பினார். போடலாமா? (புக்கிட் பாத்தோக்)

வேண்டாம். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. இன்றைய சினிமாப் பாட்டெல்லாம் ஏற்கெனவே தலை அந்தக் கூரையில் இடிக்கும்படிதான் வெளியாகிறது. அதை இன்னும் தூக்கினால் தலை வெட்டுப்படும்; கரகரப்பாகக் கேட்பது அதுதான். இலவசமாகக் கிடைக்கும் அந்த ரகச் செயலிகளில் பல விளம்பரம் காட்டுவதற்காகவே பிழைப்பவை. சத்தம் கூட்ட உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு என்று அனுமதி கேட்கும்போதே சந்தேகம் வர வேண்டாமா?

மெதுவாகப் பதிவான ஒலிக்கு மட்டும் விதிவிலக்கு. கோயில் சொற்பொழிவைப் பின்வரிசையிலிருந்து பதிவு செய்தது, தாத்தா அனுப்பிய குரல் செய்தி போன்றவற்றில் கூரைக்குக் கீழே நிறைய இடம் இருக்கும். அந்தக் கோப்பை விஎல்சி என்ற பிளேயர் செயலியில் திறந்தால் 200 விழுக்காடு வரை ஏற்றலாம். முடிந்ததும் கீழே இறக்கிவிட்டு மூடுங்கள். அடுத்த பாட்டு காதைக் கிழிக்கும்.

ஸ்பாட்டிஃபையில் மட்டும் சத்தம் குறைவு, யூடியூபில் சரியாக இருக்கிறது. (கிளமெண்டி)

சந்தாக்காரராக இருந்தால் செட்டிங்ஸில் பிளேபேக் பகுதியில் வால்யூம் லெவல் என்று ஒன்று இருக்கும். ‘குவையட்’டில் இருந்தால் ‘நார்மல்’ ஆக்குங்கள். கேள்வியைத் தெளிவாக எழுதியதற்கு நன்றி.

வயர் ஹெட்ஃபோனைச் செருகும் ஆப்பிளின் யூஎஸ்பி-சி இணைப்பானை ஆண்ட்ராய்டில் போட்டேன். நண்பரின் ஐபேடில் நன்றாகக் கேட்கிறது, என்னுடையதில் முனகுகிறது. (ஹவ்காங்)

பழைய கதை. இணைப்பானுக்குள் தனியாக ஒரு வால்யூம் உண்டு. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அதைத் தொடாமல் கீழேயே விட்டுவிட்டுத் தங்கள் பக்கத்தை மட்டும் ஏற்றும். இணைப்பானோடு நேரடியாகப் பேசத் தெரிந்த யூஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ போன்ற செயலியில் சரியாகிவிடும். ஆனால் அந்தச் செயலியில் ஓடும் பாட்டுக்குத்தான் பயன், படத்துக்கு உதவாது. இன்னொன்று: ஐரோப்பாவில் விற்கும் அதே இணைப்பான் வெளியிடும் மின்னழுத்தம் சுமார் பாதிதான். சுற்றுலா போன இடத்தில் வாங்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்ட்ராய்டுக்கு என்று விற்கும் வேறொன்றை வாங்கிவிடுவது நிம்மதி. வாங்கும்போது உள்ளே டிஏசி சில்லு (டிஜிட்டல் ஒலியை ஹெட்ஃபோனுக்கான மின்னலையாக மாற்றுவது) இருக்கிறதா என்று கேளுங்கள். சில்லு இல்லாத மலிவு ரகம் சாம்சங்கில் சத்தமே தராது.

கேரோசெல் விற்பனைத் தளத்தில் 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்ஃபோன் மலிவாகக் கிடைத்தது. கைப்பேசியில் கொசு பாடுவதுபோல் இருக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (குவீன்ஸ்டவுன்)

இல்லை, நீங்கள் பெட்டியைப் படிக்கவில்லை. கைப்பேசி ஒரு வோல்ட் தருகிறது என்று வையுங்கள். 32 ஓம் மின்தடைக்கு ஏறத்தாழ 30 மில்லிவாட் போகும், 250 ஓமுக்கு 4தான். எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒன்பது டெசிபல் குறைவு. அதே மாடலில் 32 ஓம் வகை இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் ஒரு சின்ன ஆம்ப் (ஹெட்ஃபோனுக்குச் சக்தியைக் கூட்டித் தரும் பெட்டி) வாங்குங்கள். மலிவாக வாங்கிய பொருள் கடைசியில் என்ன விலைக்கு வரும் என்று அப்போது தெரியும்.

புளூடூத்தில் ஒரு கோடு ஏற்றினால் அதிகம், ஒரு கோடு இறக்கினால் குறைவு. நடுவில் நிற்க இடமில்லை. ஆண்ட்ராய்டு. (பாசிர் ரிஸ்)

அபவுட் ஃபோனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே ‘டிஸேபிள் அப்சொல்யூட் வால்யூம்’ என்பதைப் போடுங்கள். கைப்பேசிக்கும் இயர்பட்டுக்கும் தனித்தனி வால்யூம் வந்துவிடும். இயர்பட்டை நடுவில் வைத்துவிட்டுக் கைப்பேசியில் ஏற்றி இறக்குங்கள். அங்கே இருக்கும் மற்ற பொத்தான்களைத் தொட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

அம்மாவுக்கு 74 வயது. மீலிசன் செயலியில் ஒலி 96.8 வானொலி கேட்பார். புது ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தும் ‘சத்தம் கேக்குது, பேச்சு புரியல’ என்கிறார். அதிகச் சத்தம் தரும் ஹெட்ஃபோன் எது? (பிடோக்)

அம்மா சொன்னதை நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. சத்தம் கேட்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார். வயதாகும்போது மேல் சுருதிகள்தான் முதலில் தேயும். மொத்தமாக ஏற்றினால் தபேலா மட்டும் இடிக்கும், பேச்சு தெளியாது. ஐஃபோன் என்றால் அக்செசிபிலிட்டியில் ஹெட்ஃபோன் அகாமடேஷன்ஸ் பகுதியைத் திறந்து, அம்மாவையே உட்கார வைத்து எது தெளிவு என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் ஈக்வலைசரில் அடிப்பக்கத்தை இறக்கி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்குங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம், காதைப் பரிசோதிப்பது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குப் புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன் என்ற திட்டத்தில் கண், பல்லோடு காதையும் பார்க்கிறார்கள். அங்கே குறை தெரிந்தால் காது கேட்கும் கருவிக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. ஹெட்ஃபோன் வாங்கும் காசை அதுவரை பத்திரமாக வையுங்கள்.

இரண்டு நாளாக இடது பக்கம் மட்டும் மெல்லக் கேட்கிறது. வேறு இயர்ஃபோன் போட்டும் அப்படித்தான். (உட்லண்ட்ஸ்)

இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றி மாட்டிப் பாருங்கள். குறை பக்கம் மாறினால் கைப்பேசிக் கோளாறு. அக்செசிபிலிட்டியில் இடது-வலது சமநிலைக் கோடு நகர்ந்திருக்கும். குறை இடது காதிலேயே நின்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றே மருத்துவரிடம் போங்கள். குரும்பியாக இருக்கலாம். ஆனால் ஒரு காது திடீரென மங்குவது உள்காதுக் கோளாறாகவும் இருக்கலாம். அதற்கு முதல் சில நாள்களில் மருந்து தொடங்கினால்தான் பலன். பலதுறை மருந்தகத்தில் அடுத்த வாரம்தான் இடம் என்றால் காத்திருக்காதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம். இந்தக் கடிதத்துக்கு மட்டும் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன்.

எனக்குச் சத்தம் கூட்ட வேண்டாம். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் ஸ்பீக்கரில் நாடகம் பார்க்கிறார். அவர் வால்யூமைக் குறைக்க ஏதாவது செட்டிங் இருக்கிறதா? (தோ பாயோ)

ரயிலில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் ஹஷ்-ஹஷ் ஹானா என்று ஒரு பொம்மைப் படத்தை ஒட்டிப் பார்த்தார்கள். நாடகக்காரர்கள் தலை நிமிர்ந்தால்தானே அவளைப் பார்ப்பார்கள்? போன மாதம் நான் பொறுக்க முடியாமல் பையில் கிடந்த வயர் இயர்ஃபோனை ஒரு மாமாவிடம் சிரித்தபடி நீட்டினேன். அவரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, கைப்பேசியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். செருக ஓட்டையே இல்லை.