அமேசான், மேரி செலஸ்ட் ஆன கதை: ஒரு மரக்கப்பலின் கட்டுமானமும் பதிவும் (கேள்வி பதில்)

1872 டிசம்பரில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே, ஆளில்லாமல் பாய் விரித்தபடி மிதந்துகொண்டிருந்த கப்பல் மேரி செலஸ்ட். அதிலிருந்த பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று நூற்றைம்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதே கப்பல் எந்த மரத்தால் ஆனது, யார் பெயரில் இருந்தது, எந்தச் சட்டத்தின் கீழ் கொடி ஏற்றியது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும். பழைய கப்பல் பதிவுகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும். நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

இந்தக் கப்பலை முதலில் எங்கே, யார் கட்டினார்கள்? (கடலூர், கல்லூரி மாணவர்)

கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவில், ஃபண்டி விரிகுடாவை ஒட்டிய ஸ்பென்சர்ஸ் ஐலண்ட் என்ற சிற்றூரில். கட்டியவர் ஜோஷுவா டூயிஸ். 1860 கடைசியில் ஏரா (கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டை) போட்டார்கள். 1861 மே 18 அன்று கடலில் இறக்கினார்கள். அப்போது வைத்த பெயர் அமேசான்.

அந்த ஊரில் கப்பல் கட்டியதற்குக் காரணம் உண்டு. காடு கரை வரைக்கும் வந்து நிற்கிறது. வெட்டிய மரத்தை வெகுதூரம் இழுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஃபண்டியின் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி வற்றுவது. உலகிலேயே உயரமான ஓதம் அங்கேதான். விரிகுடாவின் உள்முனையில் 16 மீட்டர் வரை நீர் ஏறி இறங்கும். வற்றும்போது கரையில் நின்று நிம்மதியாக வேலை செய்யலாம், ஏறும்போது கப்பலை மிதக்கவிடலாம். கல்லில் கட்டிய துறை எதுவும் இல்லாமலே பெரிய கப்பல்களை அந்தக் கரையோரக் கிராமங்கள் கட்டித் தள்ளியதற்கு இது பெரிய உதவி.

நாங்கள் பரம்பரையாக வள்ளம் கட்டுகிறவர்கள். அமேசானுக்கு என்ன மரம் போட்டார்கள், எப்படிப் பூட்டினார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள் ஐயா. (ராமேஸ்வரம்)

உங்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உங்கள் கைக்குப் பழகிய வேலைதான், மரம்தான் வேறு.

நீர்மட்டத்துக்குக் கீழே பிர்ச், பீச், மேப்பிள் ஆகிய கடின மரங்கள். அதற்கு மேலே விளிம்பு வரை ஸ்ப்ரூஸ். அறைகளின் உள்வேலைக்குப் பைன். இதில் நல்ல யோசனை இருக்கிறது. பிர்ச்சும் பீச்சும் எப்போதும் தண்ணீருக்குள் ஊறிக்கிடந்தால் நெடுநாள் தாங்கும். நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி இருந்தால் சீக்கிரம் உளுத்துவிடும். ஸ்ப்ரூஸ் எடை குறைவு, அதனால் கப்பலின் மேல்பாரம் குறையும்.

வேலைமுறை அந்தக் கரை முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கப்பலின் ஒரு பாதியை மட்டும் சிறிய மர உருவாகச் செதுக்குவார்கள். அந்த அரை உருவிலிருந்து அளவெடுத்து, பெரிய கொட்டகைத் தளத்தில் முழு அளவுக்குக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டின்படி வங்குகள் (கப்பலின் விலா எலும்பு போன்ற கட்டைகள்) அறுபடும். ஏராவின் மேல் வங்குகள் நின்றதும் பலகை ஏறும். வளைய வேண்டிய பலகையை நீண்ட பெட்டியில் நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் ஓடிப்போய் இடத்தில் அமர்த்திப் பிடிக்க வேண்டும். பூட்டுவதற்கு மர ஆணியும் உலோகத் தண்டும். தண்ணீரில் மர ஆணி ஊதி இறுகும், துருப் பிடிக்காது.

அமேசானின் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், விளிம்போடு விளிம்பு சேர்ந்து மழுமழுவென்று இருந்தன. அப்படிப் பலகை சேர்த்தால் இடைவெளி ஒவ்வொன்றையும் அடைத்தாக வேண்டும். நீங்கள் கலப்பத்து அடிப்பது போலவே அங்கும் தார் தோய்த்த பழங்கயிற்று நாரை உளியும் கொட்டாப்புளியும் வைத்து அடித்து, மேலே கீல் ஊற்றினார்கள். அந்தப் பக்கத்தில் வங்குகளின் இடைவெளியில் உப்பைக் கொட்டி நிரப்பும் வழக்கமும் பரவலாக இருந்தது. உப்பு மரத்தை உளுக்கவிடாது.

பிரிகன்டைன் என்றால் என்ன?

இரண்டு பாய்மரம் உள்ள கப்பல். முன்மரத்தில் குறுக்கே பறுவான் (பாயைத் தாங்கும் குறுக்குக் கழி) கட்டிச் சதுரப் பாய்கள். பின்மரத்தில் நீளவாக்கில் விரியும் பெரிய பாய். சதுரப் பாய் பின்காற்றை நன்றாக வாங்கும், நீளவாக்குப் பாய் குறைந்த ஆட்களோடு கையாள வசதி. அமேசான் இந்த வகை.

1861-இல் ஒரு கப்பலைப் பதிவு செய்வது என்றால் நடைமுறை என்ன? எந்தச் சட்டம்? (மதுரை, வழக்கறிஞர்)

நோவா ஸ்கோஷியா அப்போது பிரிட்டிஷ் குடியேற்றம். ஆகவே 1854-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம். 1855 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. நில ஆவணங்களோடு பழகிய உங்களுக்கு இது எளிதாகப் புரியும்.

கட்டியவர் ஒரு சான்றிதழ் தர வேண்டும்: எங்கே, எப்போது கட்டினேன், யாருக்காகக் கட்டினேன் என்று. அரசின் அளவையாளர் வந்து கப்பலை அளந்து தனிச் சான்று தருவார். உரிமையாளர்கள் தாங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள்தான் என்று உறுதிமொழி தருவார்கள். துறைமுகப் பதிவாளர் (பெரும்பாலும் சுங்க அதிகாரியே அந்தப் பொறுப்பையும் பார்ப்பார்) இவற்றைப் பேரேட்டில் ஏற்றுவார். கப்பலுக்கு ஒரு அதிகாரபூர்வ எண் கிடைக்கும். அந்த எண்ணையும் டன் அளவையும் கப்பலின் முதன்மை உத்தரத்திலேயே செதுக்க வேண்டும். பெயரும் ஊரும் பின்புறத்தில் எழுதப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழ் கேப்டனோடு கடலில் போகும், பேரேடு கரையில் இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு விற்பனையும் ஒவ்வொரு அடமானமும் அந்தப் பக்கத்திலேயே ஏறிக்கொண்டு வரும். நம் வில்லங்கச் சான்றிதழில் வருகிற விவரங்கள் எல்லாம் அங்கே ஒரே இடத்தில்.

அமேசான் 1861 ஜூன் 10 அன்று பக்கத்து ஊரான பார்ஸ்பரோவில் பதிவானது. நீளம் 99.3 அடி, அகலம் 25.5 அடி, ஆழம் 11.7 அடி, 198.42 டன். உரிமையாளர்கள் ஒன்பது பேர், அவர்களில் முதல்வர் டூயிஸ். முதல் கேப்டன் ராபர்ட் மெக்லெல்லனும் பங்குதாரர். பாவம், முதல் பயணத்துக்குச் சரக்கு ஏற்றும்போதே நோய்வாய்ப்பட்டு அந்த ஜூன் 19 அன்றே இறந்துபோனார்.

198.42 டன் என்பது கப்பலின் எடையா?

இல்லை. நிறையப் பேர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். பதிவு டன் என்பது கொள்ளளவு. மூர்சம் முறை என்று பெயர். 1854 சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. உள்ளே 100 கன அடி இடம் இருந்தால் ஒரு டன். ஆக அமேசானின் உள்ளிடம் 19,842 கன அடி. துறைமுகக் கட்டணம் முதலியவை இந்த அளவை வைத்துத்தான் கணக்கிடப்பட்டன. அதனால்தான் இரண்டு தசமம் வரை அவ்வளவு கறாராக அளந்திருக்கிறார்கள்.

கப்பலுக்கு 64 பங்கு என்று படித்தேன். ஏன் நூறு இல்லை?

பாதி, பாதியில் பாதி என்று பிரித்துக்கொண்டே போனால் 2, 4, 8, 16, 32, 64. பல தலைமுறைகளாகக் கப்பல் பங்குகள் இப்படித்தான் பிரிந்தன. 1820-களில் சட்டமே 64 என்று நிலைப்படுத்தியது. சிற்றூர்க் கப்பலில் மரம் தந்தவர், பாய் தைத்தவர், கடைக்காரர், கேப்டன் என்று ஆளுக்குச் சில பங்கு வைத்திருப்பது சாதாரணம். ஒரு கப்பல் மூழ்கினால் ஒரே குடும்பம் அழிந்துபோகாமல் இருக்க இது வழி. கடலோரச் சமூகங்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த ஏற்பாடுகளில் இதை மிக உயர்ந்ததாக நான் மதிக்கிறேன்.

லாயிட்ஸ் ரெஜிஸ்டரில் பெயர் இருந்தால் அதுதானே பதிவு?

அல்ல. லாயிட்ஸ் ரெஜிஸ்டர் ஒரு தர மதிப்பீட்டு ஏடு. காப்பீடு தருகிறவர்களும் சரக்கு ஏற்றுகிறவர்களும் கப்பலை நம்பலாமா என்று பார்ப்பதற்காக. ஓக்கும் தேக்கும் கொண்டு கட்டிய கப்பல் பல ஆண்டுகளுக்கு முதல் வகுப்பில் இருக்கும். ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரக் கப்பலுக்கு ஆண்டுகள் குறைவு. உரிமையையும் கொடியையும் தருவது அரசுப் பதிவு மட்டுமே.

பிரிட்டிஷ் கப்பல் எப்படி அமெரிக்கக் கப்பலானது? பெயர் எப்போது மாறியது? (திருச்சி)

இந்தக் கப்பலின் காகிதங்களில் எனக்கு மிகவும் சுவையான இடம் இதுதான்.

1867 அக்டோபரில் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவுக் கரையில் புயல் அமேசானை ஒதுக்கியது. சேதம் அதிகம், உரிமையாளர்கள் கைவிட்டுவிட்டார்கள். சிதைந்த கப்பல் கைமாறிக் கைமாறி, 1868 நவம்பரில் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹெய்ன்ஸிடம் வந்தது. அவர் கொடுத்த விலை 1,750 டாலர். பழுது பார்க்க 8,825 டாலர். அந்த டிசம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் மேரி செலஸ்ட் என்ற புதுப் பெயரோடு அமெரிக்கக் கப்பலாகப் பதிவு.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் கட்டிய கப்பலுக்குத்தான் அமெரிக்கப் பதிவு என்பது பொதுவிதி. 1852 சட்டம் ஒரு விலக்குத் தந்தது: அந்நியக் கப்பல் அமெரிக்காவில் சிதைந்து, அமெரிக்கக் குடிமகன் அதை வாங்கிப் பழுது பார்த்து, அந்தச் செலவு மொத்த மதிப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருந்தால் பதிவு தரலாம். ஹெய்ன்ஸ் போட்ட மொத்தம் 10,575 டாலர்; அதில் பழுதுச் செலவு சுமார் 83 விழுக்காடு. பணக் கணக்கு பொருந்துகிறது. ஆனால் கேப் பிரெட்டன் அமெரிக்கா இல்லையே! மர்மத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்த முடிச்சைத் தொடாமலே போய்விடுவது எனக்கு வருத்தம்.

ஹெய்ன்ஸுக்கும் அது நிலைக்கவில்லை. 1869 அக்டோபரில் கடன்காரர்கள் பறிமுதல் செய்ய, ஜேம்ஸ் வின்செஸ்டர் தலைமையிலான நியூயார்க் கூட்டு வாங்கியது.

கடைசிப் பயணத்தில் இருந்த கப்பலும் 1861-இல் கட்டியதும் ஒன்றுதானா?

ஏரா ஒன்று, உடம்பு வேறு. 1872 தொடக்கத்தில் சுமார் 10,000 டாலர் செலவில் பெரிய மாற்றம். இரண்டாவது தளம் சேர்ந்தது, பல கட்டைகள் புதிதாயின. புதிய அளவுகள்: நீளம் 103 அடி, அகலம் 25.7, ஆழம் 16.2, டன் 282.28. பழைய எண்களோடு வைத்துப் பார்த்தால் நீளம் நாலடிகூடக் கூடவில்லை, அகலம் மாறவே இல்லை என்று சொல்லலாம். ஆழம் மட்டும் நாலரை அடி கூடியது. கூடிய 8,386 கன அடியில் பெரும்பகுதி உயரத்தில் வந்தது. படம் எதுவும் இல்லாமல், பதிவு எண்களை மட்டும் வைத்தே தச்சர்கள் என்ன செய்தார்கள் என்று நம்மால் சொல்ல முடிகிறது.

அந்த அக்டோபரில் பங்குகளும் மாறின. மொத்தம் பன்னிரண்டில் நான்கு கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸுக்கு. மனைவியையும் சின்னப் பெண்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நவம்பர் 7 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்குப் புறப்பட்டபோது அவர் சம்பளக்காரர் மட்டுமல்ல, மூன்றில் ஒரு பங்கு உடைமைக்காரர். அப்படிப்பட்டவர் கப்பலை விட்டு இறங்கினார் என்றால் அது மூழ்கப்போகிறது என்று உண்மையிலேயே நம்பியிருக்க வேண்டும்.

சரி, அவர்கள் ஏன் இறங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுங்களேன் அண்ணா!

கப்பலில் கண்டதை மட்டும் சொல்கிறேன் தம்பி. சரக்கறையில் மூன்றரை அடித் தண்ணீர். நீரிறைக்கும் பம்புகளில் ஒன்று கழற்றிக் கிடந்தது. ஆழம் பார்க்கும் கோல் மேல்தளத்தில் கிடந்தது. சிறுபடகைக் காணவில்லை. உள்ளே எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று சரியாக அறிய முடியாத நிலை வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். கடற்பூதம், பெரிய கணவாய் கதைகளுக்குத் தேவையில்லை.

திருகோணமலை என்ற பெயரில் ஒரு பழைய கப்பல் இங்கிலாந்தில் இருக்கிறதாமே? அதன் பதிவு எங்கே கிடைக்கும்? (திருகோணமலை)

ஆம், எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. பம்பாயில் வாடியா குடும்பத்தின் பொறுப்பில் தேக்கில் கட்டி 1817-இல் இறக்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. அது போர்க்கப்பல், வணிகக் கப்பல் பேரேட்டில் தேட வேண்டாம், கடற்படை ஆவணங்களைப் பாருங்கள்.

எங்கள் ஊரிலும் இரட்டைப் பாய்மரக் கப்பல்கள் கட்டினார்கள். (வல்வெட்டித்துறை)

அதை அறியாதவர்கள் அறியட்டும். காலத்தால் பிந்தியது என்றாலும், வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாளை ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற பெயரில் 1938-இல் மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறையை அடைந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த ஈழத்துத் தச்சு வேலை. பெயர் மாறிக் கொடி மாறிய விதத்தில் அமேசானின் உறவுக்காரி. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கும் கணக்கேடுகள், படங்கள், அளவுக் குறிப்புகளைத் தயவுசெய்து நகல் எடுத்து வையுங்கள்.

என் கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் கப்பலில் வேலை பார்த்தவர். எங்கிருந்து தேடத் தொடங்குவது? (நாகப்பட்டினம்)

கப்பல் பெயரோடு தொடங்காதீர்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும். அதிகாரபூர்வ எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிரிட்டிஷ் பதிவில் இருக்கும் வரை அந்த எண் மாறாது. கனடாவில் பதிவான கப்பல் என்றால் அந்நாட்டுத் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தின் கப்பல் பதிவு அட்டவணை இணையத்தில் இருக்கிறது. லாயிட்ஸ் ரெஜிஸ்டரின் பழைய தொகுதிகளையும் மின்வடிவில் படிக்கலாம். ஆட்களின் பெயர் வேண்டுமானால் ஊழியர் ஒப்பந்தப் பட்டியல்கள்: 1863 முதல் 1938 வரையிலானவற்றில் பெரும்பகுதி நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகக் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் உள்ளது. கப்பலின் எண்ணும் ஆண்டும் கொடுத்துக் கேட்க வேண்டும். நம் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் வயது, ஊர், முந்தைய கப்பல் மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.