வாசகர் கேள்வி பதில்: பேஸ்டலில் உழைக்கும் பெண்கள்

கேள்வி: கூடை முடையும் பெண்ணை பேஸ்டலில் (வண்ணப்பொடிக் குச்சியில்) வரைந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் 'ஐயோ பாவம்' என்கிறார்கள். எங்கே பிசகியது?

பதில்: பெரும்பாலும் பார்வை மட்டத்தில்தான். தரையில் இருப்பவரை நின்றபடி பார்த்து வரைந்தால் தலை பெருத்து, உடம்பு குறுகி, ஆளே சிறுத்துப்போவார். நீங்களும் தரையில் உட்காருங்கள்.

அடுத்தது கை. முகத்துக்கு மூன்று மணி நேரம், கைக்குப் பத்து நிமிடம் என்று வரைந்தால் உழைப்பு படத்தில் எப்படி வரும்? விரல் நீட்டிய கை, மோவாயிலிருந்து ஏறக்குறைய நெற்றி நடு வரை எட்டும். முதலில் அந்த அளவைக் குறித்துக்கொண்டு, பிடியைப் பாருங்கள். கட்டைவிரல் நாரை அழுத்தும்போது நகத்தடியில் ரத்தம் ஒதுங்கி வெளுக்கும். அந்த வெளிறலை ஒரே தீற்றலில் வையுங்கள்; வேலை தெரிந்த கை என்று படமே சொல்லும்.

சுவிஸ் ஓவியர் லியோதார் 1744 வாக்கில் தோல்தாளில் பேஸ்டலால் வரைந்த 'சாக்லேட் பெண்' ஜெர்மனியின் ட்ரெஸ்டன் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பணிப்பெண்தான். ஆனால் வெற்றுச் சுவரின் முன் முழு உருவமாக, தட்டைச் சமமாக ஏந்தி நிற்கிறார். தட்டிலுள்ள தண்ணீர் டம்ளருக்கும் முகத்துக்குச் சமமான கவனம். பரிதாபத்துக்கு அங்கே இடமே இல்லை.

கேள்வி: கறுத்த மேனி சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறதே?

பதில்: வெள்ளையைப் பூசி ஒளி காட்டுகிறீர்கள், பிறகு விரலால் தேய்க்கிறீர்கள். தேய்க்கத் தேய்க்கத் தாளின் சொரசொரப்பு அடைபட்டு நிறம் செத்துப்போகும். நடுத்தரப் பழுப்புத் தாளை எடுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அடர் ஊதா, கரும்பச்சை, கருகிய பழுப்பு மூன்றையும் குச்சியைப் படுக்கவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மெல்ல இழையுங்கள். கெட்டிக் குச்சி முதலில், மென்மையானது கடைசியில். ஒளிக்குக் காவியும் வெளிர் ஆரஞ்சும். திறந்தவெளி என்றால் நெற்றியில் கொஞ்சம் வெளிர்நீலம். வெள்ளை, வியர்வை மினுங்கும் இடத்துக்கு மட்டும். ஏற்கெனவே அடைபட்டுவிட்டதா? விறைப்பான உலர்ந்த தூரிகையால் தட்டி உதிர்த்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பொடியை ஊதாதீர்கள், மூச்சில் போகும்.

கேள்வி: பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிப்பு அடிக்கலாமா?

பதில்: இடையில் மெல்லிய ஒரு படலம் போதும். முடிந்தபின் அடித்தால் வெளிர் நிறங்கள் மங்கும், நகத்தில் வைத்த அந்தத் தீற்றல் உட்பட. கண்ணாடி போட்டுவிடுங்கள், படத்தைத் தொடாமல் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். சாதாரண அக்ரிலிக் ஷீட் கூடாது, நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும்.