கோவையில் அம்மாவுக்கு அசிஸ்டெட் லிவிங் பார்க்கிறோம். சாப்பாடு எப்படி இருக்கும், அங்கே மற்றவர்களோடு ஒட்டுவாரா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: அம்மாவுக்கு 79 வயது, அப்பா இல்லை, சர்க்கரையும் ஆரம்பநிலை பார்க்கின்சனும் உண்டு, பிள்ளைகள் இருவரும் வெளியூர். வடவள்ளிப் பக்கம் இரண்டு இடம் பார்த்துவிட்டார்கள். இரண்டிலும் அறை நன்றாக இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார். சாப்பாடு பிடிக்குமா, யாரோடாவது பழகுவாரா என்பதுதான் கவலை.

நியாயமான கவலை. நான் ஹோட்டலில் உணவுப் பிரிவில் இருந்துவிட்டு, கோவையில் இப்படியொரு குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவன். நான் பார்த்த வரையில் நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே கேள்வி. அம்மா கூடத்துக்கு வந்து நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரா, இல்லை தட்டு அவர் அறைக்குப் போகிறதா என்று பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. 'சீனியர் லிவிங்' என்று கோவையில் விளம்பரம் செய்பவற்றில் பல, தாமாக நடமாடுபவர்களுக்கானவை. வீடு அவர்களுடையது, சமையலும் துப்புரவும் காவலும் நிர்வாகத்தின் பொறுப்பு. குளிக்க, உடுத்த, மாத்திரை எடுக்க, நடக்க ஒரு கை வேண்டும் என்றால்தான் அசிஸ்டெட் லிவிங். பல வளாகங்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிடங்களில் இருக்கும். அம்மாவுக்கு எது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், விற்பனைப் பிரிவிடம் கேட்காதீர்கள்.

அடுத்த முறை போகும்போது பகல் 12 மணிக்குப் போங்கள். விருந்தினர் டோக்கன் வாங்கிக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாம்பார் எப்படி என்பது அப்புறம். நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருக்கிறதா? அது இல்லாவிட்டால் மூட்டுவலிக்காரர் எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும். கை கழுவும் தொட்டி சக்கர நாற்காலிக்கு எட்டுகிறதா? மேசைகளுக்கு நடுவே வாக்கர் நுழையுமா? பரிமாறுகிறவர் பெயர் சொல்லிப் பேசுகிறாரா? முக்கியமாக, மூடி போட்ட தட்டுகள் வண்டியில் லிஃப்ட் பக்கம் எத்தனை போகின்றன என்று பாருங்கள்.

காய்ச்சல் நாளில் தட்டு அறைக்குப் போவதில் தப்பில்லை. தினமும் போனால்தான் கவலைப்பட வேண்டும். யாரும் சோம்பலில் அப்படிக் கேட்பதில்லை. கை நடுங்கி ரசம் புடவையில் சிந்துகிறது, பல்செட் நழுவுகிறது, விழுங்கும்போது இருமல் வருகிறது. மற்றவர் பார்க்கச் சாப்பிடக் கூச்சம். நிர்வாகத்துக்கும் அது சௌகரியம்தான். ஒருவரைக் கைபிடித்துக் கூடத்துக்கு நடத்தி வரும் நேரத்தில் ஒரு பையன் ஒரு தளத்துக்கே தட்டு வைத்துவிட்டு வந்துவிடுவான். ஆள் குறைவான இடங்களில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நடப்பது இதுதான். தனியாகச் சாப்பிடுகிறவர் குறைவாகத்தான் சாப்பிடுவார். எடை குறையும், தசை குறையும், அப்புறம் கூடத்துக்கு நடக்க மனம் இருந்தாலும் கால் இருக்காது. "மாதா மாதம் எடை பார்த்து எழுதி வைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். நோட்டை எடுத்துக் காட்டினால் நல்ல இடம்.

உங்கள் அம்மாவுக்குப் பார்க்கின்சன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரமாவது முன்னால் கொடுப்பதுதான் வழக்கம். பருப்பு, தயிரில் இருக்கும் புரதம் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எங்களிடம் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். நர்ஸ் மதியச் சாப்பாட்டோடுதான் மாத்திரை கொடுப்பார். அவருக்குக் கை நடுங்கும், கரண்டி தட்டில் கடகடவென்று அடிக்கும், பாதியில் எழுந்துவிடுவார். அப்புறம் மருத்துவர் சொல்லி மாத்திரை 11:30-க்கும் சாப்பாடு 12:15-க்கும் என்று மாறியது. தடித்த பிடியுள்ள கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு, டம்ளரில் பாதி மட்டும் மோர். சாதத்தைச் சமையலறையிலேயே குழைத்துக் கொண்டுவருவோம். மேசையில் வைத்துப் பிசைந்து கொடுத்தால் குழந்தைக்கு ஊட்டுவது போலாகிவிடும். அவர் மறுபடி கூடத்தில் தன் கையால் சாப்பிட ஆரம்பித்தார், கூடவே அரசியல் பேசவும்.

சர்க்கரைக்கும் இதே கதைதான். இன்சுலின் போட்டபிறகு சாப்பாடு முக்கால் மணி தாமதமானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அதனால் நர்ஸும் சமையலறையும் பேசிக்கொள்கிற இடமா என்பது நட்சத்திர ஹோட்டல் செஃப் இருக்கிறாரா என்பதைவிடப் பெரிய விஷயம். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். சில இடங்களில் ஆறரைக்கே முடித்துவிடுவார்கள், ஏனென்றால் சமையல்காரர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மறுநாள் டிபன் எட்டு மணிக்கு. நடுவே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலோ கஞ்சியோ உண்டா? பகலில் யாராவது நீர்மோரோ தண்ணீரோ நீட்டிக்கொண்டே இருக்கிறார்களா? வயதானால் தாகமே தெரியாது, கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

இனி ருசி. ஹோட்டலில் விருந்தாளி இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இங்கே ஒருவர் அதே சாம்பாரை வருஷம் 365 நாளும் சாப்பிட வேண்டும். நாலு வாரச் சுழற்சியில் மெனு போடுவார்கள். மூன்றாவது மாதம் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். "என்ன கண்ணு, செவ்வாக்கிழமையா? அப்ப சுரைக்காய்தான்" என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே அறிவிப்பார். பரிமாறும் பையன் ஒடிசாக்காரன். "இல்லீங்க சார், இன்னைக்குப் பீர்க்கங்காய்ங்க" என்று அச்சு அசல் கொங்குத் தமிழில் பதில் சொல்வான். அந்த ஒரு நிமிடப் பேச்சுக்காகவே அவர் வந்தார் என்று நினைக்கிறேன், சுரைக்காய் மேல் அவருக்குப் பெரிய கோபம் ஒன்றும் கிடையாது.

உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்பது எல்லா இடத்திலும் கேட்கும் புகார். பாதி உண்மை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது, ரத்தக்கொதிப்புக்காரர்கள் நிறைந்த கூடத்தில் சமையல்காரர் கையை இறுக்கித்தான் ஆக வேண்டும். மீதிப் பாதி, வயதாலும் மருந்துகளாலும் நாக்கின் உணர்வு மங்குவது. கெட்டிக்காரச் சமையல்காரர் எலுமிச்சை, அன்றன்று வறுத்து அரைத்த மல்லி, மிளகு, சீரகம் என்று சமாளிப்பார். மற்றவர்கள் மடியில் பருப்புப்பொடி டப்பாவோடு வருவார்கள். ஒரு மாமியின் பையில் நார்த்தங்காய் ஊறுகாய் எப்போதும் இருக்கும். அந்த மேசைக்குத்தான் கூட்டம் அதிகம்.

எல்லோருக்கும் பிடித்த சாம்பார் என்று ஒன்று கிடையாது. பாலக்காட்டுக்காரருக்குத் தேங்காய் வேண்டும், தஞ்சாவூர்க்காரருக்குக் கூடாது, ஊர்க்காரருக்கு வாரம் ஒருமுறை அரிசிபருப்புச் சாதமும் கொள்ளு ரசமும் வேண்டும், வடக்கத்தியருக்குச் சூடான சப்பாத்தி. ஏகாதசி, அமாவாசை, வெங்காயம் பூண்டு இல்லாத மேசை என்று வேறு. கோவையில் பல இடங்கள் சைவம் மட்டும்தான். அம்மா மீன் சாப்பிடுகிறவர் என்றால், வெளியிலிருந்து வாங்கி அறையிலாவது சாப்பிடலாமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். குடியிருப்போரின் உணவுக் குழு பெயருக்கு எல்லா இடத்திலும் இருக்கும். அந்தக் குழு சொல்லி மெனுவிலிருந்து கடைசியாக எடுக்கப்பட்ட பதார்த்தம் எது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அது புகார்ப் பெட்டி, அவ்வளவுதான்.

ஹோட்டலில் எனக்குச் சொல்லித்தந்த உபசாரம், விருந்தாளியை ஒரு துரும்பையும் எடுக்க விடாதே என்பது. இங்கே அதையே செய்தால் ஆளை முடக்கிப் போட்டுவிடுவோம். அறுபது வருஷம் ஒரு சமையலறையை ஆண்டவருக்குத் திடீரென்று செய்ய ஒன்றுமே இல்லை என்பது பெரிய அடி. சமையலறைக்குள் விட முடியாது, சுத்தம் பார்க்க வேண்டும், விழுந்துவிடும் பயமும் உண்டு. ஆனால் வெளியே ஒரு மேசை போட்டு முருங்கைக்கீரையை வைத்தால் போதும். பத்து மணிக்கு நாலைந்து பேர் தாமாக வந்து உருவ ஆரம்பிப்பார்கள். அவரைக்காய்க்கு நார் எடுப்பது, பூ தொடுப்பது எல்லாம் அங்கேதான். யோகா, தம்போலா, பஜனை என்று அச்சடித்து மாட்டியிருக்கும் நிகழ்ச்சி நிரலில் ஒட்டாதவர்கள்கூடக் கீரை மேசையில் ஒட்டிக்கொள்வார்கள். 'அசிஸ்டெட்' பிரிவிலிருந்து சக்கர நாற்காலியில் வரும் ஒரு பாட்டிக்கு மறதி அதிகம், ஆனால் கீரை உருவும்போது அவர் விரல் எல்லோருடையதையும்விட வேகம்.

ஒட்டுவாரா என்று கேட்டீர்கள். யாரும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று விதி இருக்கும். நடைமுறையில் எல்லா நாற்காலிக்கும் ஆள் உண்டு. புதிதாக வந்தவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, "அது எங்க லலிதா உட்கார்ற இடம்" என்று கேட்டு எழுந்தால், மறுவேளை தட்டு அறைக்குத்தான். அதனால் முதல் இரண்டு வாரம் யார் அவரைக் கூட்டிவந்து யாரோடு உட்காரவைப்பார் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். எந்த ஊர், பிள்ளைகள் எங்கே, வீட்டுக்காரர் என்னவாக இருந்தார் என்று விசாரணை நடக்கும். ஜாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பவர்களும் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரிட்டையரான தலைமைப் பொறியாளர் இங்கேயும் தலைமைப் பொறியாளர்தான். பொதுவாகப் பெண்கள் சீக்கிரம் கலந்துவிடுகிறார்கள். மனைவியை இழந்த ஆண்கள்தான் கடகடவென்று சாப்பிட்டு எழுந்து போவார்கள். அவர்களைப் பிடித்து வைக்க ஹிந்து நாளிதழின் குறுக்கெழுத்தும் மாலை ரம்மியும் வேண்டும். நவம்பரில் ஓய்வூதியர்களுக்கு ஜீவன் பிரமாண் (உயிருடன் இருப்பதற்கான டிஜிட்டல் சான்று) பதியும் வாரத்தில் பாருங்கள், தீபாவளிக்குப் பேசாதவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் போனில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கசப்பான விஷயம் ஒன்று. தாமாக நடமாடுகிறவர்கள் சிலருக்கு, வாக்கரும் சக்கர நாற்காலியும் தங்கள் கூடத்துக்கு வருவது பிடிக்காது. வாயில் எச்சில் ஒழுகுகிறது, சத்தம் போடுகிறார்கள் என்று மனு எழுதுவார்கள். உள்ளே இருப்பது நாளை நமக்கும் இதுதானோ என்ற பயம். சில நிர்வாகங்கள் பணிந்து அசிஸ்டெட் பிரிவுக்குத் தனிக் கூடம் போட்டுவிடுகின்றன. மறதிநோய் முற்றியவர்களுக்குச் சத்தமில்லாத சிறிய அறை நல்லதுதான். மற்றவர்களை அப்படி ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. அம்மா எந்தக் கூடத்தில் சாப்பிடுவார் என்பதை வாயால் கேட்டதோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்து என்றதும் ஒப்பந்தம். சமையல் நிர்வாகத்தினுடையதா, காண்ட்ராக்டா? காண்ட்ராக்ட் என்றால் ஆள் மாறியதும் ஒரே நாளில் ருசி மாறும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்காக 2019-ல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டியவர், வாங்குபவர், சேவை தருபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போடச் சொல்கின்றன. அது வழிகாட்டுதல்தான், ஆனால் அதைக் காட்டிக் கேட்கலாம். அம்மா உங்களிடம் ஒரு மாதம் வந்து தங்கினால் சாப்பாட்டுக் கட்டணம் கழியுமா, உதவி கூடுதலாகத் தேவைப்பட்டால் கட்டணம் எவ்வளவு ஏறும், முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் சோதனைத் தங்கல் பல இடங்களில் உண்டு. அம்மாவை அனுப்புங்கள், தினமும் போன் செய்து சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மேசையில் யார் யார் என்று கேளுங்கள். பத்தாவது நாளும் பேச்சில் ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் முன்பணம் கட்டாமல் அந்த இரண்டாவது இடத்தையும் இதே மாதிரி முயன்று பாருங்கள்.