மிக்ஸியில் அரைத்த மாவு: இட்லி கல்லாக வருவது ஏன்?

நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற அளவு போட்டும், மாவு புளித்தும், பொங்காமல் இட்லி தட்டையாகக் கல் மாதிரி வருகிறது என்கிறீர்கள். புளித்த வாசனை வருகிறது என்றால் உங்கள் ஊர் பெங்களூருவின் குளிர் மீது பழி போட வேண்டாம். கோளாறு உளுந்து அரைப்பதில்தான்.

அரைத்து முடித்ததும் மிக்ஸி ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். சூடேறிய உளுந்து பந்து மாதிரி எழும்பாது. ஊறிய உளுந்தை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, 30 வினாடி ஓட்டி நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கூழாகிவிடும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விடுங்கள். மிதந்தால் போதும், மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு வருடம் இட்லியை உதிர்த்து உப்புமா செய்துகொண்டிருந்தேன்!

அரிசியை நைஸாக அரைக்காதீர்கள், சன்ன ரவை பதம் போதும். இரண்டு மாவையும் சேர்த்து, உப்பு போட்டுக் கையால் கலக்கி, இரவு புளிக்க விடுங்கள். காலையில் பொங்கியிருக்கும் மாவை அடிவரை கலக்காமல் மேலாக அள்ளித் தட்டில் ஊற்றி, ஆவி வந்தபின் 10 நிமிடம் வேகவிடுங்கள்.

அப்புறம், உளுந்து பாக்கெட் எத்தனை மாதப் பழசு? பழைய உளுந்து அரைக்கும்போது சரியாக எழும்பி வராது. ஆப்ப சோடா சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இப்போது இருக்கும் மாவை வெங்காயம் தூவி ஊத்தப்பமாக ஊற்றிவிடுங்கள்.