கியோட்டோவில் முதல் 14 நாள்கள்

கேள்வி: என் மகள் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு படிக்க ஜப்பானின் கியோட்டோ நகருக்குச் செல்கிறாள். சென்றவுடன் எவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும்? அவள் சைவம் என்பதால் உணவைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: கான்சாய், நரிட்டா போன்ற பெரிய விமான நிலையங்களில் குடியேற்றச் சோதனையின்போதே வசிப்பிட அட்டையைக் கொடுத்துவிடுவார்கள், அதை எப்போதும் உடன் வைத்திருப்பது கட்டாயம். தங்குமிடத்தில் குடியேறிய 14 நாள்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிட்டால், சிகிச்சைச் செலவில் பொதுவாக 30 விழுக்காட்டை மட்டும் அவர் செலுத்தினால் போதும். மொழி தெரியாத ஊரில் காய்ச்சலில் படுக்கும் பிள்ளைக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதை நினைத்துப் பாருங்கள். எனவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். பகுதிநேர வேலைக்குத் தனி அனுமதி தேவை. கல்வி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரமே வரம்பு.

குப்பை விஷயத்தில் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. கியோட்டோவில் எரியும் குப்பையை மாநகராட்சியின் மஞ்சள் பையில் கட்டி, குறித்த கிழமைகளில் காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும்.

உணவில்தான் கூடுதல் கவனம் வேண்டும். காய்கறி மட்டுமே தெரியும் மிசோ என்னும் சோயா விழுதுச் சூப்பிலும், ஊடோன் என்னும் கோதுமை நூடுல்ஸிலும்கூட, நம் மாசிக்கருவாட்டை ஒத்த காய்ந்த சூரை மீனின் சாறான தாஷி பெரும்பாலும் கலந்திருக்கும். ஆகவே, "தாஷி கலந்திருக்கிறதா?" என்று கேட்கும் ஜப்பானிய வாக்கியத்தைப் புறப்படும் முன்பே மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். புத்த மடங்களின் ஷோஜின் உணவில் மீனுக்குப் பதிலாகக் கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றையே சேர்ப்பார்கள். கியோட்டோ அவ்வுணவுக்குப் பெயர்பெற்ற ஊர்.